கவர்னரின் மேலான மதிப்பு

பிரெஞ்சு கவர்னர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் பெரிய பெரிய எண்ணங்கள் உண்டு. வெள்ளைக் குதிரை, பூண் போட்ட கைத்தடி, கண்ணசைத்தால் ஓடிவரும் சிப்பாய்கள். அவர்களுடைய அலுவல் கடிதங்களை வருஷக்கணக்கில் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் அதிகம் செய்த வேலை புலம்புவதுதான். வெயில் தாங்கவில்லை, ஆற்று முகத்தில் மணல் மூடிவிட்டது, காரைக்கால் நிர்வாகி அனுப்பிய கணக்கில் கூட்டல் தப்பு, பாரிசில் இருப்பவர்கள் எதற்கும் பதில் போடுவதில்லை, குமாஸ்தாவின் கையெழுத்து விளங்கவில்லை. கடைசிக் குறையில் மட்டும் எனக்கு அவர்களோடு முழு உடன்பாடு.

நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். பிறந்தது சுரக்குடி, வாழ்க்கைப்பட்டது கோட்டுச்சேரி. பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு முனைவர் பட்டம் வாங்கவேண்டும் என்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது. புதுச்சேரியில் இருந்த கவர்னர்களும் காரைக்கால் நிர்வாகிகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் என்று தலைப்பும் எடுத்துக்கொண்டேன். பள்ளி விடுமுறை விட்டால் விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி ஆவணக் காப்பகத்துக்குப் போவேன். சொந்தத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தைக் குறுக்கே கடக்கவேண்டிய பாக்கியம் எங்களுக்கு. சீர்காழியில் தூங்கி, சிதம்பரத்தில் விழித்து, கடலூர் நெரிசலில் அன்றைய பொறுமை முழுவதையும் தொலைத்துவிட்டுத்தான் கவர்னர்கள் முன்னால் போய் உட்காருவேன்.

காப்பகத்தில் சட்டதிட்டங்கள் கறார். பேனா கூடாது, பென்சில்தான். தண்ணீர் பாட்டில் வாசலோடு சரி. ஒரு காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த கட்டு. மூடும் நேரம் வந்தால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள், மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் வியர்த்து விறுவிறுத்து எழுந்து போகவேண்டியதுதான்.

நான் கவர்னர் கடிதம் படிக்கிறேன் என்பது தெரிந்ததும் சொந்தபந்தம் முழுக்க விண்ணப்பம் போட ஆரம்பித்தது. என் மாமியார், "நம்ம கொல்லையில நிக்கிற மாமரம் கவர்னரு கொடுத்த கன்னுன்னு சொல்லுவாங்க. அதப்பத்தி எதுனா எழுதியிருக்காரான்னு பாரும்மா" என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் தாத்தா கையை கவர்னர் குலுக்கியதற்குச் சான்று வேண்டுமாம். கவர்னர் கை குலுக்கினால் அதை உடனே போய்க் கடிதமாக எழுதிவைப்பார் என்று இவர்கள் எப்படி நம்புகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஆசை இல்லாமல் இல்லை, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டால் சம்பந்தி காதுக்கு எட்டிவிடுமே என்ற பயம். சம்பந்தி என்றால் என் தம்பியின் மாமனார். கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய தாத்தா பிரெஞ்சு கோர்ட்டில் வேலை பார்த்தவர். கவர்னர் கொடுத்த ஒரு பதக்கம் அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எந்த விசேஷமாக இருந்தாலும் பாயசம் பரிமாறுவதற்குள் பேச்சு அந்தப் பதக்கத்துக்கு வந்துவிடும். "உங்க பக்கம் எப்படிங்க சம்பந்தி, விவசாயந்தானே, அந்தக் காலத்துல கவர்னரு பழக்கமெல்லாம் இருந்திருக்காது" என்று மிக மரியாதையாகக் கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்குவார். அந்தப் பதக்கம் அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள், கடிதங்களை நகல் எடுத்து வைத்திருந்த ஒரு பெரிய பதிவேட்டில், சுரக்குடி என்ற ஊர்ப் பெயரைப் பார்த்தேன். பக்கத்திலேயே ஒரு நிலக்காரரின் பெயரும் அவருடைய அப்பா பெயரும். சந்தேகமே இல்லை, என் அப்பாவின் பூட்டனார். கவர்னர் அவருக்கே நேராக எழுதிய கடிதம். அப்போது என் பிரெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த அரைகுறை. கடிதத்தின் நடுப்பகுதி முழுக்க அவசரக் கிறுக்கல், ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. கடைசி வாக்கியம் மட்டும் சுழித்துச் சுழித்து அழகாக எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து அகராதியைப் புரட்டினேன். ஐயா, தங்கள்பால் நான் கொண்டுள்ள மேலான மதிப்பின் உறுதியை ஏற்றுக்கொள்வீராக என்று பொருள் வந்தது. மின்விசிறி நின்றது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

"அப்பா, நம்ம பூட்டனாருக்கு கவர்னர் லெட்டர் எழுதியிருக்காருப்பா. உங்க மேல எனக்கு மேலான மதிப்பு இருக்குன்னு எழுதியிருக்காரு."

அப்பா மெதுவாக, "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். சொன்னேன். "இரு, ஒங்கம்மா கிட்ட சொல்லு" என்றார். அம்மாவிடமும் சொன்னேன். "மேலயும் கீழயும் என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள். அடுத்த முறை போகும்போது படித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவள் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும்தான்.

அடுத்த முறை போவதற்குத் தேர்வு, விடைத்தாள், தேர்தல் வேலை என்று நாள் ஆகிவிட்டது. அதற்குள் தம்பி மகனுக்குக் காது குத்து வந்தது. சுரக்குடிக்குள் பஸ் திரும்பும் இடத்தில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மூங்கில் நட்டு ஒரு ஃபிளெக்ஸ். நடுவில் கொண்டை வைத்து வணங்கும் ஒரு முதியவர் படம். பூட்டனாருக்குப் போட்டோ ஏது, கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒரு முதியவர். கீழே கொட்டை எழுத்தில், பிரெஞ்சு கவர்னரின் மேலான மதிப்பைப் பெற்ற பெரியவரின் எள்ளுப்பேரனுடைய மகனுக்குக் காதணி விழா. போதாததற்கு ஓரத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா. வெள்ளை வேட்டி மொடமொடவென்று நின்றது.

"நல்லாருக்குப்பா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது?

சம்பந்தி வந்தார். ஃபிளெக்ஸை மேலிருந்து கீழே வரை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அன்றைக்குப் பந்தியில் பதக்கம் வாயைத் திறக்கவில்லை. அப்பா இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார், சர்க்கரை இருப்பதை மறந்துவிட்டு.

அதற்குப் பிறகு நான் காப்பகத்துக்குப் போனதுதான் வினை. அதே பதிவேட்டில் அடுத்த கடிதம் ஒரு காவலாளிக்கு. சாராயக் கடை வாசலில் கடமை நேரத்தில் விழுந்து கிடந்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார் கவர்னர். கடைசி வாக்கியம், ஐயா, தங்கள்பால் நான் கொண்டுள்ள மேலான மதிப்பின் உறுதியை ஏற்றுக்கொள்வீராக. அடுத்தது உப்பில் தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்ட ஒரு வியாபாரிக்கு. அவருக்கும் மேலான மதிப்பு. கவர்னரைத் திட்டி எழுதிய ஒருவருக்கு, இனி எழுதினால் நடவடிக்கை எடுப்பேன் என்ற மிரட்டலுக்குக் கீழே, இன்னும் ஒரு படி மேலான மதிப்பு. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். கொஞ்ச தூரம் போனதும் குமாஸ்தாவுக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது. முதல் இரண்டு வார்த்தையை எழுதி, மீதிக்கு இத்யாதி என்று போட்டுவிட்டார். எங்கள் குலப்பெருமை நான்கே பக்கத்தில் இத்யாதி ஆகிப்போனதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் மனுக்களில் கடைசியில் இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று எழுதுகிறோமே, அதில் எத்தனை உண்மை இருக்கிறது? அதே சங்கதிதான். கடிதங்களை வைத்து வரலாறு எழுத வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அல்லது சொன்ன அன்றைக்கு நான் கடலூர் நெரிசலில் இருந்திருப்பேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஃபிளெக்ஸ் இன்னும் ஊர் முகப்பில் நின்றுகொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், பொங்கல் முடியட்டும், அறுவடை ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் காரைக்காலில் ஒரு கருத்தரங்கம் வந்தது. உள்ளூர் வரலாறு பற்றிப் பேசவேண்டும், கவர்னர் கடிதங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் அரை மணி நேரம் பேசலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வீட்டில் சொன்னேன். வீட்டில் சொன்னது சுரக்குடிக்குப் போனது.

கருத்தரங்கத்தன்று மேடையில் ஏறிப் பார்க்கிறேன், முதல் வரிசை முழுக்க எங்கள் ஊர். அப்பா வேன் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். நடு நாற்காலியில் அவர். பக்கத்தில் சம்பந்தி. அவரை வற்புறுத்தி அழைத்து வந்ததும் அப்பாதானாம்.

நான் மணல் மூடிய ஆற்று முகத்தைப் பற்றிப் பேசினேன். சாராயக் குத்தகையைப் பற்றிப் பேசினேன். கவர்னர் மக்களைப் பற்றி எழுதுவதெல்லாம் நிர்வாகி சொன்னது, நிர்வாகி சொன்னது குமாஸ்தா சொன்னது, ஆகவே எச்சரிக்கையாகப் படிக்கவேண்டும் என்றேன். கடிதங்கள் எப்படி முடிகின்றன என்ற பக்கமே போகாமல் சாமர்த்தியமாகச் சுற்றிவந்து நன்றி சொல்லி உட்காரப்போனேன். சம்பந்தி எழுந்தார்.

"ஒரு சந்தேகம்மா. கவர்னரு எங்க சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு எழுதுன மாதிரி, மேலான மதிப்புன்னு, வேற யாருக்காச்சும் எழுதியிருக்காருங்களா?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோர்ட்டு வீட்டுப் பிள்ளை, தெரியாமல் இருக்குமா? பொய் சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் வழிகாட்டிப் பேராசிரியர் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதைவிட, இத்தனை வருஷம் வகுப்பில் பிள்ளைகளிடம் சான்று எங்கே, சான்று எங்கே என்று கத்தியவள் நான். "எல்லாருக்கும் எழுதுவாருங்க மாமா. அது அவங்க கடிதம் முடிக்கிற முறை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர் வாய், உதாரணம் சொல்லாமல் அடங்குமா? சாராயக் கடை காவலாளியைச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. சுரக்குடி வரிசையில்கூட இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. மடியில் வைத்திருந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். மேடையிலிருந்து இறங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதற்குள் எனக்குப் பொன்னாடை போர்த்த வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. போன் அடித்தால் அம்மா எடுப்பாள். "சாப்புட்டாரு. வயலுக்குப் போனாரு. வந்தாரு" என்று வானொலிச் செய்தி மாதிரி சொல்லுவாள். ஃபிளெக்ஸைக் கழற்றிக் களத்தில் நெல் மூடப் போட்டுவிட்டதாகவும் அவள்தான் சொன்னாள். தொப்பி கழற்றிய வெள்ளைக்காரர் மேல் கோழிகள் நடந்து போகின்றனவாம். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சமையலறையில் நின்று அழுதேன். பொய்யாக ஒரு பெருமையைக் கொடுத்ததும் நான், ஊர் முன்னால் பிடுங்கியதும் நான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள் போன் அடித்தது. அப்பா.

"ஏம்மா, அந்த லெட்டர்ல மேல என்னதான் எழுதியிருந்துச்சு?"

நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. பின்னால் மழைச் சத்தம் கேட்டது. நான் அதற்குள் அந்தக் கிறுக்கலை முழுசாகப் படித்திருந்தேன். அவரிடம் சொல்லத்தான் வழியில்லாமல் இருந்தேன். "படிக்கட்டுமா?" என்றேன்.

"படி."

படித்தேன். சுரக்குடி கிழக்கு வெளியில் மழைத் தண்ணீர் தேங்கி நாற்று அழுகுவதாகவும், ஆற்றில் கொண்டுபோய் விட ஒரு வடிகால் வெட்டித்தர வேண்டும் என்றும் தாங்கள் அனுப்பிய மனு கிடைத்தது. பொறியாளரின் கருத்தைக் கேட்டிருக்கிறோம். இந்த ஆண்டு நிதி இல்லை. அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும். அவ்வளவுதான்.

தொடர்ந்தேன். "இதோட முடியலப்பா. அதுக்கப்புறம் கவர்னர் காரைக்கால் நிர்வாகிக்கு எழுதுற கடிதத்துல எல்லாம் நம்ம பூட்டனார் வர்றாரு. சுரக்குடிக்காரர் திரும்பவும் எழுதியிருக்கார், இவருக்கு வேற வேலையே இல்லையா, நீங்களாவது கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா, நேத்து என் பங்களா வாசல்லயே வந்து நிக்கிறார்னு ஒரே புலம்பல்."

"பங்களா வாசலுக்கே போயிட்டாரா?"

"போயிருக்காருப்பா. இங்கேருந்து புதுச்சேரிக்கு."

"அந்தக் காலத்துல பஸ் ஏது?" என்றார் அப்பா. பிறகு ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் சிரித்தார், நானும் சேர்ந்துகொண்டேன். "கிழக்கு வெளியில நான் இப்ப முழங்கால் தண்ணியில நின்னுகிட்டுத்தாம்மா பேசுறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வயல் வருஷா வருஷம் முழுகும் என்பது எனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணீரில் நடந்துதானே பள்ளிக்கூடம் போனேன். கடிதத்தை எத்தனை தடவை படித்தேன், அது எந்தத் தண்ணீர் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

தீபாவளி கழிந்து தம்பி வீட்டு வளைகாப்பில் சம்பந்தியும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலை. பேச்சு எப்படியோ கவர்னருக்கு வந்தது. அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஒங்க தாத்தாவுக்கு கவர்னரு பதக்கம் குடுத்தாருங்க சம்பந்தி. எங்க பூட்டனாரு கவர்னருக்குத் தலைவலி குடுத்தாருங்க."

சம்பந்திக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, "நல்லாச் சொன்னீங்க" என்றார். அந்த வீட்டில் முதல் தடவையாக அவர் அப்பாவைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்ததைக் கண்டேன்.

மறுவாரம் அப்பா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மனு டைப் செய்யவேண்டும் என்றார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அவரே சொன்னார். பொருள், சுரக்குடி கிழக்கு வெளிக்கு வடிகால் வெட்டித்தருவது தொடர்பாக. "அடுத்தது பார்வை" என்றார். அரசு மனுக்களில் பார்வை என்று போட்டு முன்பு நடந்த கடிதங்களை வரிசையாகக் குறிப்பிடுவது வழக்கம். "பார்வை ஒன்னு, பிரெஞ்சு கவர்னரோட கடிதம்னு போடு."

"அப்பா, விளையாடாதீங்க."

"நான் என்னிக்கி ஒன்ட்ட விளையாண்டேன்? போடு."

போட்டேன். பதிவேட்டின் எண், பக்கம், என் தமிழாக்கம் எல்லாவற்றையும் பின்னால் இணைத்தேன். என் ஆய்வேட்டில்கூட அத்தனை ஒழுங்காக அடிக்குறிப்பு கொடுத்ததில்லை.

இருவரும் காரைக்கால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனோம். தபால் வாங்கும் மேஜையில் இருந்தவர் மனுவைப் படித்துக்கொண்டே வந்தார். பார்வை என்ற இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஐயா, இது ரொம்பப் பழசுங்க. அந்த கவர்மெண்டே இப்ப இல்லீங்க. இதையெல்லாம் எடுத்துட்டு, புது மனுவா எழுதிக் குடுங்க. பதிஞ்சுக்கிறேன்."

"புது மனு இல்ல தம்பி" என்றார் அப்பா. "எங்க பூட்டனாரு குடுத்த மனு ஒன்னு பரிசீலனையில இருக்கு. அதுக்கு இது நினைவூட்டல்."

சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடந்த நாற்காலியை மேஜைக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.